கணக்குப்பிள்ளையிலிருந்து பி.காம். வரை: கிடர்பூரிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வரும் வாரத்தில் கல்கத்தாத் தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சுதான். "பி.காமா, பி.பி.ஏ.வா?" அது முடிந்து பிள்ளை கல்லூரியில் சேர்ந்த பிறகு அடுத்த கேள்வி வரும்: "எந்தப் பிரிவை எடுக்கறது? அக்கவுண்ட்ஸா, மார்க்கெட்டிங்கா, டாக்ஸேஷனா?" சித்தப்பா ஒன்று சொல்லுவார், எதிர்வீட்டு மாமி வேறொன்று சொல்லுவார். இந்தப் பிரிவுகள் எந்தக் காலத்தில், எந்த ஊரில், யாருடைய தேவைக்காகத் தோன்றின என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. அதைக் கேட்டால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும் என்பது அடியேன் எண்ணம்.

நான் கல்லூரி வாசல் மிதித்தவன் அல்லன். கிடர்பூரில் வியாபாரம். கடை அடைத்த நாட்களில் பக்கத்திலிருக்கும் அலிப்பூர் தேசிய நூலகத்தில் உட்கார்ந்து படித்ததே என் படிப்பு. ஆகவே இதைப் பேராசிரியர் கட்டுரையாகக் கொள்ளாமல், கல்லாப்பெட்டிக்குப் பின்னாலிருந்து பார்த்தவன் எழுதியதாகக் கொள்ள வேண்டுகிறேன்.

வணிகக் கல்வி வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பட்டம் அவன் கொண்டுவந்ததுதான், கல்வி அப்படியல்ல. நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் மூன்றையும் மனப்பாடம் செய்த பிள்ளைக்குப் பொன் நிறுக்கவும் நெல் அளக்கவும் காகிதம் வேண்டியதில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த சமணக் கணித ஆசிரியர் மகாவீரர், 'கணித சார சங்கிரகம்' என்னும் நூலை வடமொழியில் செய்தார். அதில் வட்டி, முதல், கூட்டு வியாபாரத்தில் பங்கு பிரித்தல் இவற்றுக்கெல்லாம் கணக்குகள் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மா. ரங்காச்சாரியார் அதைப் பதிப்பித்து ஆங்கிலத்தில் பெயர்த்தார். சென்னை அரசாங்கம் 1912இல் வெளியிட்டது. பம்பாயில் வணிகக் கல்லூரி திறப்பதற்குச் சரியாக ஒரு வருஷம் முன்னால்!

தொழிற்பயிற்சி என்று பார்த்தால் நாட்டுக்கோட்டை நகரத்தார் முறைக்கு ஈடு சொல்வது கடினம். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாள் ஆகி, பின் பர்மாவிலோ சிலோனிலோ கடையையே பொறுப்பேற்கும் மேலாள் ஆவான். வட்டி, பேரேடு, கடன் கேட்டு வருபவனின் நாணயம் எல்லாம் ஒரே ஆள் தலையில். அங்கே பிரிவு என்ற பேச்சே இல்லை; எல்லாம் தெரிந்தவன்தான் கடையில் உட்கார முடியும்.

ஐரோப்பாவில் 1819இலேயே பாரிஸில் ஒரு வணிகப் பள்ளி தோன்றிவிட்டது. ஆண்ட்வெர்ப்பில் 1852, அமெரிக்காவில் பிலடெல்பியாவின் வார்ட்டன் பள்ளி 1881. நம் நாட்டில் முதல் அடி எடுத்து வைத்தது சென்னை என்பதில் நமக்குச் சற்றே பெருமை உண்டு. 1886இல் பச்சையப்பன் அறக்கட்டளையார் அங்கு வணிகப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள். கல்கத்தாவில் 1905இல் பிரசிடென்சி கல்லூரியை ஒட்டி வணிகப் பிரிவு பிறந்தது; பௌபஜாரில் இன்று இருக்கும் கோயங்கா கல்லூரியின் மூலம் அதுவே. ஆனால் பட்டம் தரும் கல்லூரி என்று முதலில் வந்தது 1913 அக்டோபரில், பம்பாய் சிடன்ஹாம் கல்லூரி. அதன் தொடக்கத்தில் முன்னின்று உழைத்த கணக்கியல் முன்னோடி கே.எஸ். ஐயரும் தென்னாட்டுக்காரரே.

அதே 1913ஆம் வருஷம் இந்தியக் கம்பெனிச் சட்டம் வந்தது. இதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கம்பெனிகள் கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டும், தணிக்கை செய்கிறவன் தகுதிச் சான்று பெற்றவனாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லிற்று. 1918இல் கணக்கியலுக்கு அரசு டிப்ளமா, 1932இல் தணிக்கையாளர் விதிகள், 1949 ஜூலை 1இல் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் நிறுவனம் என்று வரிசையாக வந்தன. 'அக்கவுண்ட்ஸ்' என்ற பிரிவு இப்படித்தான் கெட்டிப்பட்டது. கம்பெனிக் கணக்கில் ஒருவன் கையெழுத்துப் போட்டே ஆகவேண்டும் என்று சட்டம் கட்டளையிட்டதால் அந்தக் கையெழுத்துக்கு ஆள் தேவைப்பட்டது.

அந்தக் கையெழுத்துரிமையை வாங்கிய முதல் இந்தியப் பெண் ஒரு தமிழ்ப்பெண் என்பதை நம் பெண்குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும். சென்னை ஆர். சிவபோகம் அம்மையார். சுதந்திரப் போராட்டத்தில் கலந்து வேலூர்ச் சிறையில் ஒரு வருஷம் இருந்தவர். கணக்கியல் படிப்பதென்று முடிவெடுத்ததே சிறையில்தான். 1933இல் அரசு டிப்ளமாவில் தேறினார். பின்னாளில் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் நிறுவனத்தின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்கு 1955 முதல் 1958 வரை தலைமை வகித்தார். "பொம்பளைப் பிள்ளைக்கு ஆடிட் எல்லாம் சரிவருமா?" என்று இன்றும் கேட்கிறவர்களைப் பார்க்கிறேன். தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாலேயே பதில் சொல்லியாகிவிட்டது.

இனி நம் ஊர்க் கதை. கல்கத்தாவுக்கு வந்த தமிழர்களில் பெரும்பாலோர் பட்டத்தோடு வரவில்லை. டைப்பும் ஷார்ட்ஹேண்டும் தெரிந்த விரல்களோடு வந்தார்கள். ஊரில் அரசாங்கத் தொழில்நுட்பப் பரீட்சையில் லோயர், ஹையர் பாஸ் செய்துவிட்டு ஹவுரா ஸ்டேஷனில் இறங்கியவர்களுக்கு டல்ஹௌசி ஸ்கொயர் கம்பெனிகளிலும், இங்கே கார்டன் ரீச்சில் இருந்த பெங்கால் நாக்பூர் ரயில்வே தலைமை ஆபீசிலும் வேலை கிடைத்தது. 'மதராஸி ஸ்டெனோ' என்றால் தனி மதிப்பு. அதுதான் அன்றைய நம்முடைய ஸ்பெஷலைசேஷன்!

அவர்களில் விவரமானவர்கள் அதோடு நிற்கவில்லை. ஹாஜ்ரா பக்கம் ஒரே கட்டிடத்தில் மூன்று கல்லூரிகள் நடப்பது நம்மவர்களுக்குத் தெரியும்: காலையில் பெண்களுக்கு ஜோகமாயா தேவி, பகலில் ஆசுதோஷ், மாலையில் சியாமாபிரசாத். பகலெல்லாம் டைப் அடித்துவிட்டு, சாயங்காலம் டிராம் பிடித்துப் போய் பி.காம். முடித்தவர்கள் நம் சங்கத்தில் எத்தனையோ பேர். 1990களில் கம்ப்யூட்டர் ஒவ்வொரு மேசைக்கும் வந்தபோது டைப்ரைட்டர் போயிற்று, சுருக்கெழுத்தும் போயிற்று. விரலை மட்டும் நம்பியிருந்த குடும்பங்கள் பல அந்தப் பத்து வருஷத்தில் ஊர் திரும்பின; மாலைக் கல்லூரியில் பேரேடு கற்றவர்களுக்குக் கம்ப்யூட்டர் ஒரு புதுப் பேனா, அவ்வளவுதான். நம் சமூகத்தின் இந்த அனுபவத்தை யாரும் சரியாக எழுதி வைக்கவில்லை என்பது எனக்கு நெடுநாள் குறை.

மற்றப் பிரிவுகளையும் ஒருகண் பார்ப்போம். வேடிக்கை என்னவென்றால், பல பிரிவுகளின் பிறப்பிடம் நம் காலடியிலேயே இருக்கிறது.

காஸ்ட் அக்கவுண்டிங் என்னும் அடக்கவிலைக் கணக்கு: இரண்டாம் உலகப் போரில் சர்க்கார் தொழிற்சாலைகளுக்குக் கான்ட்ராக்ட் கொடுத்தபோது, ஒரு பொருளைச் செய்ய உண்மையில் என்ன செலவாகிறது என்று பிரித்துச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. 1944இல் அதற்கென நிறுவனம் பதிவானது இந்தக் கல்கத்தாவில். 1959இல் தனிச் சட்டம், 1965இல் அடக்கவிலைத் தணிக்கைக்குக் கம்பெனிச் சட்டத்தில் இடம், 2012இல் இன்றைய பெயர். அதன் கல்கத்தா அலுவலகம் சடர் ஸ்ட்ரீட்டில் இருக்கிறது. சணல் ஆலையும் எஞ்சினியரிங் பட்டறையும் நிறைந்த ஊரில் இது பிறந்ததில் வியப்பில்லை. ஆனாலும் கல்கத்தாத் தமிழ்ப் பிள்ளைகள் இதைக் கண்டுகொள்ளாமல் சி.ஏ. என்ற ஒரே வாசலில் முட்டிக்கொள்வது ஏன் என்று எனக்குப் புரிவதேயில்லை.

மார்க்கெட்டிங்: 1888ஆம் வருஷக் கோடையில் கல்கத்தாத் துறைமுகத்தில் லீவர் பிரதர்ஸ் பெயர் பொறித்த சன்லைட் சோப்புப் பெட்டிகள் வந்திறங்கின. பெயர் போட்ட சரக்கை நாடு முழுவதும் விற்கும் கலை இந்தியாவில் வேரூன்றிய கதையை அந்தப் பெட்டிகளிலிருந்தே சொல்லத் தொடங்குகிறார்கள். 1930களில் கிடர்பூருக்குப் பக்கத்துக் கார்டன் ரீச்சிலேயே அந்தக் கம்பெனியின் சோப்புத் தொழிற்சாலை வந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி பாட்டாநகர். இந்தப் பிரிவுக்குப் பின்னால் சட்டம் கட்டாயப்படுத்தும் கையெழுத்து எதுவும் கிடையாது. திறமை இருந்தால் ராஜா. இல்லாவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைய வேண்டியதுதான். பேசத் தெரிந்த பிள்ளை எடுக்கட்டும். "கணக்கு வராது, அதனால மார்க்கெட்டிங்" என்று எடுப்பவர்களைக் கண்டால்தான் எனக்குக் கவலை. கடை நடத்தத் தெரிந்தவனுக்குத் தெரியும், கணக்கு வராமல் விற்க முடியாது.

ஃபைனான்ஸ்: லயன்ஸ் ரேஞ்சில் 1908இல் சங்கமாக அமைந்த பங்குச் சந்தை ஒரு காலத்தில் பம்பாய்க்கே போட்டி. 2001இல் பட்டுவாடா நெருக்கடியில் சரிந்தது; 2013இல் அங்கு வர்த்தகம் நின்றது. தொழில் அழியவில்லை, கணினித் திரைக்கு மாறிப் பம்பாயோடு சேர்ந்துவிட்டது. ஆகவே இந்தப் பிரிவை எடுக்கும் பிள்ளை ஊரைவிட்டுக் கிளம்பத் தயாராக இருக்க வேண்டும். பெற்றோரும்தான்.

வரி இயல் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், வியாபாரி என்ற முறையில் எனக்கு நேரடிப் பழக்கம் அதில்தான். பொது விற்பனை வரியை இந்தியாவில் முதலில் கொண்டுவந்தது 1939இல் சென்னையில் ராஜாஜி அமைச்சரவை. வங்காளத்தில் 1941. 2005இல் இங்கே மதிப்புக் கூட்டு வரி வந்தது. 2017 ஜூலை 1 அன்று அதுவும் போய் ஜி.எஸ்.டி. இப்போது 1961ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாகவும் 2025இல் புதுச் சட்டம் நிறைவேறிவிட்டது. எனக்கு ரிட்டர்ன் போட்டுக்கொடுத்த ஒரு பெரியவர், பழைய விற்பனை வரிச் சட்டத்தின் பிரிவு எண்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். ஜி.எஸ்.டி. வந்த அன்று அவ்வளவும் பழங்கதை. ஆனால் மூன்று மாதத்தில் மறுபடி எழுந்து உட்கார்ந்துவிட்டார். கொள்முதல், விற்பனை, இருப்பு மூன்றையும் பொருத்திப் பார்க்கும் கணக்கு அவர் கையில் இருந்ததே, அது எந்தச் சட்டத்திலும் மாறவில்லை.

மேலாண்மைக் கல்விக்கும் இந்நகரமே முன்னோடி. கல்லூரித் தெரு அருகே சமூகநல, வணிக மேலாண்மை நிறுவனம் 1953இல் தோன்றியது. 1961 நவம்பரில் ஐ.ஐ.எம். பி.டி. ரோடு எமரால்டு பவரில் தொடங்கிப் பின்னர் ஜோக்காவுக்குக் குடிபோயிற்று. கிடர்பூரிலிருந்து டயமண்ட் ஹார்பர் ரோடில் நேரே தெற்கே போனால் ஜோக்கா. 2022 டிசம்பரில் ஜோக்கா–தாராதலா மெட்ரோ, 2024 மார்ச்சில் மாஜேர்ஹாட் வரை வந்துவிட்டது. பி.பி.ஏ. பட்டம் இந்த மேல்படிப்பின் நிழலில் வளர்ந்த இளைய பிள்ளை. 2024-25 கல்வியாண்டு முதல் பி.பி.ஏ. நடத்தும் கல்லூரிகள் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் அங்கீகாரத்துக்குள் வந்திருக்கின்றன. சேருமுன் அதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. பி.காம். அந்தக் கட்டுக்குள் வரவில்லை. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 2023 முதல் மூன்றாண்டு, நான்காண்டு என இரண்டு வழி. தமிழ்நாட்டிலோ பிரிவைப் பட்டத்தின் பெயரிலேயே ஒட்டிவிட்டார்கள்: கம்ப்யூட்டர் அப்ளிகேஷன், கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப், வங்கி மேலாண்மை என்று பி.காமுக்குள்ளேயே பல பி.காம்கள். பதினேழு வயதில் முதல் நாளே பிரிவைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது எனக்கு உகந்ததாகப் படவில்லை. முதல் வருஷம் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுத் தேர்வதே முறை.

கடைசியாக, எங்கள் கிடர்பூர். 1870இல் துறைமுகத்துக்குத் தனி நிர்வாகம், 1890களில் கிடர்பூர் டாக், 1920களின் கடைசியில் இன்று நேதாஜி பெயர் தாங்கும் டாக். 1977இல் ஹால்டியா திறந்து பெரிய கப்பல்கள் அங்கே போனாலும் இங்கே கன்டெய்னர் வந்துகொண்டுதான் இருக்கிறது. சரக்கை விடுவிக்கச் சுங்கக் காகிதங்களோடு ஓடுகிறவரை இங்கே 'ஜெட்டி சர்க்கார்' என்பார்கள். அன்று அனுபவம் ஒன்றே தகுதி. இன்றோ சுங்கத் தரகர் உரிமத்துக்குப் பட்டம் வேண்டும், பரீட்சை வேண்டும்; ஊழியர்களுக்கும் எஃப், ஜி, எச் என்று எழுத்து வரிசையில் அட்டைகள். அதாவது இங்கும் சட்டம் கேட்கும் கையெழுத்து ஒன்று இருக்கிறது. 1965இல் தொடங்கிய கிடர்பூர் கல்லூரியில் பி.காம். படிக்கும் பிள்ளைக்கு இந்தப் பள்ளிக்கூடம் நடந்துபோகும் தூரம். வரி இயல் பிரிவை எடுத்து, சுங்கச் சட்டத்தையும் சேர்த்துப் படித்து, ஓய்வு நேரத்தில் ஒரு கிளியரிங் ஆபீசில் உட்கார்ந்தால் போதும். எங்கள் தெருவில் ஒரு பையன் இப்போது அப்படித்தான் செய்கிறான். காலையில் வகுப்பு, மத்தியானம் டாக். போன வாரம் கடைக்கு வந்து, "மாமா, இன்வாய்ஸ்ல எடையும் பேக்கிங் லிஸ்ட்ல எடையும் ஒத்துப் போகலை, யாரைக் கேட்கறது?" என்றான். இரண்டு காகிதத்தையும் விரித்துவைத்து, கல்லாவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தோம்.