அர்ச்சனா (திரைப்பட நடிகை)

தமிழ், தெலுங்கு, மலையாளப் படங்களில் நடித்தவர். 1987, 1988 ஆகிய ஆண்டுகளுக்கான சிறந்த நடிகை தேசிய விருதை அடுத்தடுத்துப் பெற்றார். முதலாவது ‘வீடு’ படத்துக்கு, அடுத்தது ‘தாசி’ என்ற தெலுங்குப் படத்துக்கு. இரண்டுமே நட்சத்திரங்களை நம்பாமல் சிறு முதலீட்டில் எடுக்கப்பட்டவை.

இயக்குநர் பாலு மகேந்திராவின் ‘நீங்கள் கேட்டவை’ (1984), ‘ரெட்டைவால் குருவி’ (1987), தெலுங்கில் ‘நிரீக்‌ஷணா’, வம்சியின் ‘லேடீஸ் டெய்லர்’ (இரண்டும் 1986) ஆகியவற்றில் வணிகப் படத்துக்குரிய வேடங்களையும் ஏற்றார். ஆனால் அவர் பெயர் நிலைத்தது ‘வீடு’ படத்தால்தான்.

அந்நாளைய கதாநாயகிக்கு ஒரு டூயட் நிச்சயம். தயாரிப்பாளரிடம் பணமிருந்தால் அது கொடைக்கானல் மூடுபனியிலோ ஊட்டிப் புல்வெளியிலோ படமாகும். ‘வீடு’ படத்தில் பாட்டே கிடையாது. வாடகை வீட்டைக் காலி செய்யவேண்டிய சுதா, தாத்தாவின் மனைகளில் ஒன்றை விற்றுச் சொந்த வீடு கட்டத் தொடங்குகிறாள். கடன், ஏமாற்றும் கான்ட்ராக்டர், அரசு அலுவலகப் படிக்கட்டு என்று கதை நகர்கிறது. படத்துக்காகச் சென்னையில் ஒரு வீட்டை நிஜமாகவே கட்டினார்கள். சுவர் எழ எழக் காட்சிகளும் எடுக்கப்பட்டன. செட்டும் நட்சத்திரமும் இல்லாத படத்தில் கேமராவுக்கு முகத்தை விட்டால் வேறு போக்கிடமில்லை. அர்ச்சனா அழுது தீர்ப்பதில்லை. கணக்குப் போடுகிற, களைத்துப்போகிற, வேலைக்குப் போகும் பெண்ணாகவே இருக்கிறார். தாத்தாவாக வந்த சொக்கலிங்க பாகவதரும் கொத்து வேலைக்கு வரும் மங்கம்மாவாக நடித்த ‘பசி’ சத்யாவும் அவருக்கு ஈடுகொடுத்தார்கள். (சத்யாவின் பெயரில் ஒட்டிக்கொண்ட ‘பசி’யும் ஒரு சிக்கனப் படமே. அதில் நடித்து 1979க்கான தேசிய விருதைப் பெற்றவர் ஷோபா.)

பி. நர்சிங் ராவ் இயக்கிய ‘தாசி’யில் நிஜாம் காலத் தெலங்கானாவில் ஒரு ஜமீன் மாளிகையில் அடிமைப்பட்டுக் கிடக்கும் பெண்ணாக நடித்தார். பேச்சு மிகக் குறைவு. பார்வையும் நடையுமே வேடம். ஷாஜி என். கருணின் ‘பிறவி’யில் (1988), காவலில் காணாமற்போன இளைஞனின் அக்காவாக, தந்தையிடம் உண்மையைச் சொல்ல முடியாமல் தவிக்கும் பாத்திரம். அப்படம் 1989 கான் விழாவில் சிறப்புக் குறிப்பைப் பெற்றது. தூர்தர்ஷனுக்காக எடுக்கப்பட்ட ‘சந்தியா ராகம்’ (1989) மீண்டும் பாலு மகேந்திராவுடன்.

விருதுகள் அவருக்குச் சந்தை மதிப்பைக் கூட்டவில்லை. தொண்ணூறுகளில் படங்கள் அருகின. 2007இல் தங்கர் பச்சானின் ‘ஒன்பது ரூபாய் நோட்டு’ படத்தில் சத்யராஜின் மனைவி வேலாயியாகத் திரும்பினார். ‘சீதக்காதி’ (2018), ‘அழியாத கோலங்கள் 2’ (2019) ஆகியவை பின்னர் வந்தவை.