தனி நாக்கும் நாலாயிரம் கட்டைத் துண்டும்

ஊர்ல வீட்டுக்கு எட்டடி நீளத்துல சாப்பாட்டு மேசை செய்யலாம்னு ஆசாரி அண்ணனைக் கூப்பிட்டிருந்தோம். நான் சும்மா இருக்காம, வீடியோ பார்த்த ஞானத்துல, "லூஸ் டெனான் போடலாமே அண்ணே"ன்னு சொல்லி வச்சேன். அதாவது ஒரு கட்டையோட நுனியையே நாக்கு மாதிரி செதுக்காம, ரெண்டு கட்டையிலயும் துளை போட்டு நடுவுல தனியா ஒரு துண்டைச் செருகறது. அவர் சிரிச்சார். "தனியா வச்ச நாக்கு தனியாவே கழண்டு வரும் தம்பி."

நம்ம இஞ்சினியர் ஈகோ சும்மா இருக்குமா? தேடினதுல மாட்டினது ஒரு கப்பல் :-)

சைப்ரஸ் தீவின் கைரீனியா கடற்கரைக்கு அப்பால் சுமார் 2300 வருஷம் முன்னாடி மூழ்கின கிரேக்க வணிகக் கப்பல். நீளம் சுமார் 14 மீட்டர். 1965-ல் ஒரு முக்குளிப்பவர் கண்ணில் பட்டது. 1968, 69-ல் மைக்கேல் கட்ஸேவ் குழு அகழ்ந்து எடுத்தது. ஆயிரக்கணக்கான மரத்துண்டுகளைத் திரும்ப ஒண்ணாக் கோத்தவர் ரிச்சர்ட் ஸ்டெஃபி. அவர் அடிப்படையில எலக்ட்ரீஷியன்! (பொழுதுபோக்கா ஆரம்பிச்சு வரலாற்றுல இடம் பிடிச்சவங்களைப் பார்த்தா எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.)

அந்தக் கப்பல்ல முதல்ல விலா எலும்பு கிடையாது. பலகைகளை விளிம்போட விளிம்பு சேர்த்து ஓட்டைக் கட்டிட்டு, அப்புறம்தான் உள்ளே சட்டங்கள். பலகைகளைச் சேர்த்தது கிட்டத்தட்ட 4000 தனி நாக்குகள். ஒவ்வொண்ணையும் ரெண்டு பக்கமும் மரஆணி அடிச்சுப் பூட்டியிருக்காங்க. பலகை பைன், நாக்கு ஓக்.

இங்கதான் ஆசாரி அண்ணன் சொன்னது பாதி சரி, பாதி தப்புன்னு புரிஞ்சது. கட்டையோட நுனியில செதுக்கற நாக்குல மரத்தோட ரேகை நீளவாக்குல ஓடும், பலம். ஆனா பலகையோட பக்கவாட்டு விளிம்புல நாக்கு செதுக்கினா ரேகை குறுக்கே போகும். பிஸ்கட் மாதிரி ஒடியும். தனித்துண்டுன்னா ரேகையை வேணுங்கற திசையில திருப்பி வைக்கலாம், பலகையை விடக் கெட்டியான மரத்துலயும் செய்யலாம்.

சரி, கடல்ல அதுக்கு என்ன வேலை? ஒரு தடி நோட்டை வளைச்சுப் பாருங்க, பக்கங்கள் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கும். கப்பல் நடுவை அலை தூக்கும்போது பலகைகளும் அப்படித்தான் வழுக்கப் பார்க்கும். அந்த வழுக்கலைத் தடுக்கறது நாக்கு. இடுக்கு திறக்காமப் பிடிக்கறது மரஆணி. ஒரு நாக்கு தாங்கறது கொஞ்சம்தான். நாலாயிரம் சேர்ந்தா மொத்த ஓடும் ஒரே பலகை.

அதே முறையில கிரீஸ்ல 1982-85-ல் ஒரு நகலைக் கட்டி, 1986-ல் சைப்ரஸ் வரை ஓட்டினாங்க. திரும்பி வர்றப்ப புயல்ல மாட்டியும் தப்பிச்சது.

இதையெல்லாம் அண்ணன்கிட்ட சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "நாலாயிரம் நாக்குன்னா எட்டாயிரம் துளை. கூலி யார் குடுத்தது?"ன்னார்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். துளைக்குக் கால்மணி நேரம்னு வச்சாலும் 2000 மணி நேரம். ஒரு ஆள் தினம் பத்து மணி நேரம் உளி பிடிச்சா 200 நாள், வெறும் துளைக்கு மட்டும்!

இந்த முறை செத்ததுக்கு முக்கியமான காரணமும் இந்தக் கணக்குதான்னு தோணுது. துருக்கியின் யாஸி அடா பக்கத்துல மூழ்கின 7-ம் நூற்றாண்டுக் கப்பல்ல நாக்குகள் சின்னதாயிருச்சு, தள்ளித் தள்ளி இருக்கு, மரஆணியே இல்லை. நீர்மட்டத்துக்கு மேல பலகையை நேரா சட்டத்துல ஆணியடிச்சுட்டாங்க. சுமார் 1025-ல் மூழ்கின செர்சே லிமானி கப்பல்ல நாக்கே கிடையாது. பலம் தோலை விட்டு எலும்புக்குப் போயிருச்சு. உளி பிடிக்கிற ஆளும் நேரமும் மிச்சம்.

மேசை தயாராயிருச்சு. கால்ல அண்ணன் சொன்னபடி செதுக்கின நாக்கு. மேல்பலகை இணைப்புல மட்டும், என் தொல்லை தாங்காம, ஆறு தனி நாக்கு. ஆறும் நானே துளை போட்டது. ஒரு ஞாயித்துக்கிழமை முழுசாப் போச்சு.