சோழமண்டலக் கலைஞர் கிராமத்தின் காட்சி வரலாற்றில் கைவினை

சென்னை ஓவிய இயக்கம் பற்றிய எழுத்துகளில் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தின் வரலாறு பெரும்பாலும் பாணியின் வரலாறாகவே அமைகிறது. கோட்டின் முதன்மை, உள்ளூர் மரபுகளிலிருந்து பெற்ற உருவங்கள், கே.சி.எஸ். பணிக்கர் 1963 முதல் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசை ஆகியன விரிவாகப் பேசப்படுகின்றன. கலைஞர்கள் கைவினைப் பொருள்கள் செய்து பிழைத்தனர் என்பது ஒரே தொடரில் முடிந்துவிடுகிறது. கிராமத்தின் காட்சிகளும் பொது நிகழ்வுகளும் எவ்வாறு தோன்றின என்று நோக்கும்போது, அவ்வொரு தொடருக்கு இதுவரை அளிக்கப்பட்ட இடம் போதாது என்பது புலப்படும்.

சென்னைக் கலைப் பள்ளி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டரால் தொடங்கப்பட்டது. தொழிற்கலைப் பயிற்சியே அதன் தொடக்கக்கால நோக்கமாக இருந்தது. தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் தலைமைக்காலத்தில் ஓவியமும் சிற்பமும் அங்கு முதன்மை பெற்றன. 1957இல் அவரை அடுத்துத் தலைமையேற்ற பணிக்கர், அதற்கு முன்பே, 1944இல், முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தவர். அவர்முன் நின்ற சிக்கல் அழகியல் சார்ந்தது மட்டுமன்று. பயிற்சி முடித்து வெளியேறும் மாணவர் எதைக்கொண்டு வாழ்வார் என்பதும் சிக்கலாக இருந்தது. அன்றைய சென்னையில் ஓவியம் வாங்குவோர் மிகச் சிலர். தனியார் காட்சிக்கூடங்களும் அரிதாகவே இருந்தன. வேலை தேடி ஓவியத்தைக் கைவிடுவதே பலருக்கும் வழியாயிற்று. கே.எம். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றிக்கொண்டே தம் கோட்டோவியங்களைத் தொடர்ந்தது அக்காலச் சூழலை உணர்த்தும்.

இச்சிக்கலுக்குப் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் கண்ட விடை பாத்திக் துணி. உருகிய மெழுகால் துணியில் வரைந்து சாயத்தில் தோய்த்தால், மெழுகு மூடிய இடம் சாயத்தை ஏற்காது. மெழுகு வெடித்த இடங்களில் மட்டும் சாயம் நுண்ணிய கோடுகளாக இறங்கும். கோட்டில் தேர்ந்த கைகளுக்கு இது அயலான தொழில் அன்று. ஓவியம் வாங்கும் வசதியோ பழக்கமோ இல்லாத நடுத்தரக் குடும்பமும் ஒரு துணியை வாங்க இயலும். ஆகவே பாத்திக் விற்பனைக் காட்சி, ஓவியக் காட்சி எட்டாத ஒரு பொதுமக்கள் திரளை எட்டியது எனக் கருதலாம். கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்து, விற்பனை வருவாயைக் கொண்டு, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் ஏறத்தாழ 10 ஏக்கர் நிலத்தைக் கலைஞர்கள் வாங்கினர். 1966இல் கிராமம் உருவாயிற்று. ஐரோப்பியர் நாவில் ‘கோரமண்டல்’ எனத் திரிந்த பெயரை அதன் பழைய வடிவிலேயே தம் குடியிருப்புக்குச் சூட்டிக்கொண்டமையும் இங்கு நோக்கத்தக்கது.

வழக்கமாகக் காட்சி என்பது படைப்பு முடிந்தபின் நிகழ்வது. சோழமண்டலத்தில் அவ்வரிசை தலைகீழானது. காட்சி முதலில் நிகழ்ந்தது. அதன் வருவாயில் நிலமும் அதன்பின் குடிலும் அமைந்தன. ஓவியம் வரைவதற்கான ஓய்வுநேரம் இறுதியாகவே கிட்டியது. வாங்குவோர் விருப்பத்திற்கு ஓவியத்தை வளைக்கவேண்டாத உரிமையை, வாங்குவோர் விருப்பத்திற்கு இசைந்த துணியே பெற்றுத்தந்தது. இதனை முரண் என்பதைவிடத் திட்டமிட்ட பிரிவினை என்பதே பொருந்தும். ஆயினும் அப்பிரிவினை இருபுறமும் ஒரே கையால் நடந்ததாகும். எனவே துணியில் பழகிய கோடு ஓவியத்திற்குள் எந்த அளவு சென்றது என்னும் வினாவை எழுப்பாமல் பாணியின் வரலாற்றை மட்டும் எழுதுவது குறையுடையதே.

கிராமத்தில் எழுந்த ‘பாரதி’ திறந்தவெளி அரங்கு நாடகம், இசை, நடனம், கவிதை வாசிப்பு ஆகியவற்றுக்கு இடமளித்தது. ஓவியரின் குடியிருப்பு அதன் வழியாகப் பிற கலைகளின் பார்வையாளருக்கும் திறந்தது.

2009இல் திறக்கப்பட்ட சோழமண்டல சமகாலக் கலை மையம் அடுத்த திருப்பம். சிற்பி எஸ். நந்தகோபால் அதன் உருவாக்கத்தில் முன்னின்றவர். சென்னை இயக்க ஓவியங்களும் சிற்பங்களும் அருங்காட்சியகத்தில் நிலையாக வைக்கப்பட்டன. பிற கலைஞர்களின் காட்சிகளுக்கெனத் தனிக்கூடங்களும் அமைந்தன. விற்பனைக்காகப் பிறந்த ஓரிடம் தன் வரலாற்றைத் தானே காட்சிப்படுத்தும் நிலையை எய்தியது. ஓவியங்களுக்கு நிலையான சுவர் கிடைத்த இவ்வரிசையில் பாத்திக் எங்குள்ளது என்பதே எஞ்சும் வினா. பணிக்கர் தலைமையேற்றிருந்த நிறுவனத்தின் பெயரிலிருந்தும் ‘கைத்தொழில்’ பின்னர் நீங்கிற்று. இன்று அது அரசு கவின்கலைக் கல்லூரி.

கைவினை வரலாற்றிலிருந்து நழுவியதற்கு அழகியல் படிநிலை மட்டும் காரணமன்று. ஓவியம் பாதுகாக்கப்படுவதற்காகவே வாங்கப்படுகிறது. துணியோ உடுத்தவும் விரிக்கவும் திரையாகத் தொங்கவிடவும் வாங்கப்பட்டது. துவைக்கத் துவைக்கச் சாயம் மங்கும். நைந்தபின் அதனை எவரும் வைத்திருப்பதில்லை. எஞ்சிய பாத்திக் துணிகள் இருக்குமாயின், அவற்றைத் தேடவேண்டிய இடம் ஆவணக்காப்பகத்தைவிட, அறுபதுகளின் சென்னையில் அவற்றை வாங்கிய குடும்பங்களின் பழைய துணிப்பெட்டிகளே.