அவள் ஜெயித்தால் தொடர் முடிந்துவிடும்

வீட்டுக்குள் போலீஸ் நிற்கிறது. கணவனை வெளியேற்றச் சொல்லி அழைத்தவள் மனைவி. அவன் அவளை அடிக்கவில்லை. விவாகரத்து இன்னும் ஆகவில்லை. வீடு அவனுக்கும் உரியது. அவன் போதைப்பொருள் காய்ச்சுகிறான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிள்ளைகளை நினைத்து அவள் சொல்லவில்லை. போலீஸ் போய்விடுகிறது. அவன் அங்கேயே தங்கிவிடுகிறான். உண்மை தெரியாத மகனுக்கோ அம்மாமீதுதான் கோபம்.

'பிரேக்கிங் பேட்' தொடரில் 2010இல் வந்த காட்சி இது. முதல்முறை பார்த்தபோது எனக்கும் அந்த மனைவி ஸ்கைலர்மீதுதான் எரிச்சல் வந்தது. பெண்ணியம் பேசுகிற, வகுப்பில் பாடம் நடத்துகிற எனக்கு அது ஏன் வந்தது என்ற கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை.

தீயவனை நாயகனாக்கிய அமெரிக்கத் தொடர்களின் வரிசையில் 1999இல் தொடங்கிய 'தி சோப்ரானோஸ்' முக்கியமானது. மாஃபியா தலைவன் டோனியின் முதல் பெரிய எதிரி, அவனைப் பெற்ற தாய் லிவியா. மகனைக் கொல்லும் சதிக்கே தூண்டுகோலாக இருப்பவள். தன் அம்மாவை மனதில் வைத்தே அவளைப் படைத்ததாகத் தொடரை உருவாக்கிய டேவிட் சேஸ் சொல்லியிருக்கிறார். குற்ற உலகில் இருந்த எதிரி அப்போதே வீட்டுக்குள் வந்துவிட்டாள். அவள் பெண்ணாகவும் இருந்தாள்.

2008 முதல் 2013 வரை 62 அத்தியாயங்களாக ஒளிபரப்பான 'பிரேக்கிங் பேட்' தொடரின் நாயகன் வால்டர், புற்றுநோய் கண்ட வேதியியல் ஆசிரியர். குடும்பத்துக்காக என்று சொல்லிக்கொண்டு போதைப்பொருள் தயாரிக்கிறான். அவனுக்கு எதிராக மூவர் நிற்கிறார்கள்: கோழிக்கறி உணவகத்தின் மறைவில் போதை வணிகம் நடத்தும் கஸ் ஃப்ரிங், போதைத் தடுப்பு அதிகாரியான சகலை ஹாங்க், மனைவி ஸ்கைலர்.

கஸ் ஃப்ரிங் நுட்பமாக எழுதப்பட்ட பாத்திரம். அவன் கண்ணெதிரே கூட்டாளி கொல்லப்பட்ட பழைய கதையை 2011இல் விரிவாகக் காட்டினார்கள். அதன்பின் அவனுடைய குரூரத்துக்கும் ஒரு துக்கம் அடித்தளமாகிவிட்டது. ஸ்கைலரின் கடந்த காலமோ துணுக்குகளாகச் சிதறிக் கிடக்கிறது. முதல் அத்தியாயத்தில், அவள் சிறுகதை எழுதுகிறவள் என்று பேச்சோடு பேச்சாக வருகிறது. அந்தக் கதைகள் என்னவாயின என்று தொடர் கேட்கவில்லை. பிற்பாடு அவள் எழுதுவது, வால்டரின் பணம் சூதாட்டத்தில் வந்ததென்று உறவினர்களை நம்பவைப்பதற்கான வசனம். கவிதை எழுதுகிறவளாக எனக்கு அந்த இடம் வலித்தது. கணவனின் பொய்க்குப் பயன்பட்டபோதுதான் அவள் எழுத்துக்குத் தொடரில் இடம் கிடைத்தது.

இன்னொன்று, கதை நமக்கு வந்துசேரும் வரிசை. வால்டரின் நோயும் அவமானமும் முதலில் நமக்குத் தெரிகின்றன. அவளுக்குப் பிறகுதான் தெரிகின்றன. நாம் ரகசியத்தில் பங்காளிகள் ஆகிவிடுகிறோம். எங்கே போயிருந்தாய் என்று அவள் கேட்கும்போது நாமும் அவனோடு சேர்ந்து மாட்டிக்கொள்கிறோம். அவள் ஜெயித்தால் தொடர் முடிந்துவிடும். ஹாங்க் ஜெயித்தாலும் முடிந்துவிடும்தான். ஆனால் அவன் துரத்துவது விறுவிறுப்பு, அவள் கேட்பது நச்சரிப்பு. இந்த வேறுபாட்டைத் தொடர் மட்டும் உண்டாக்கவில்லை. கணவனைக் கேள்வி கேட்கும் மனைவியைப் பற்றி நாம் ஏற்கெனவே வைத்திருக்கும் எண்ணத்திலிருந்தும் அது வருகிறது.

இந்த வெறுப்பு திரையோடு நிற்கவில்லை. ஸ்கைலராக நடித்த அன்னா கன் 2013 ஆகஸ்டில் 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பாத்திரத்தின் மீதான வெறுப்பு தன்மீது திரும்பியதையும், தன்னைக் கொல்ல எங்கே தேடலாம் என்று ஒருவர் இணையத்தில் கேட்டதையும் அதில் பதிவுசெய்தார். அதே ஆண்டும் அடுத்த ஆண்டும் அந்தப் பாத்திரத்துக்காகவே எம்மி விருது பெற்றார்.

எழுதியவர்கள் அவளைக் கைவிட்டுவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். 2012இல், வால்டரின் 51ஆவது பிறந்தநாளன்று அவள் உடுத்திய உடையோடு நீச்சல் குளத்துக்குள் இறங்குகிறாள். பிள்ளைகளை அந்த வீட்டிலிருந்து தங்கை வீட்டுக்கு அனுப்ப அவளுக்குக் கிடைத்த ஒரே வழி அது. அன்றிரவு அவளுடைய ஒவ்வொரு யோசனையையும் அவன் முறியடிக்கிறான். அவனுக்கு மறுபடியும் புற்றுநோய் வரட்டும் என்று காத்திருப்பதாகச் சொல்கிறாள். அவளிடம் மிஞ்சியிருந்தது அந்தக் காத்திருப்பு மட்டும்தான். 2013இல் மொய்ரா வாலி-பெக்கட் எழுதிய அத்தியாயத்தில் வால்டர் தொலைபேசியில் அவளை ஏசுகிறான். ஒட்டுக்கேட்கும் போலீசிடமிருந்து அவளைக் காப்பாற்ற அவன் போடும் நாடகம் அது. ஆனால் அந்த வசைகள் பார்வையாளர்கள் அவள்மீது கொட்டிய வசைகளாகவே என் காதில் விழுந்தன.

கடைசி அத்தியாயத்தில், எல்லாம் தனக்காகத்தான் செய்தேன் என்று வால்டர் ஒப்புக்கொள்கிறான். அதைக் கேட்பவள் ஸ்கைலர். கஸ் ஃப்ரிங்கிடம் அவன் தோற்கவில்லை. அவனுடைய பொய்யைத் தோற்கடித்தவள் அவள்தான். நல்ல எதிர்ப்பாத்திரத்தின் வேலையும் அதுதானே?

அண்மையில் அந்தப் போலீஸ் காட்சியை மறுபடி பார்த்தேன். இம்முறை எனக்கு அவன்மீதுதான் கோபம் வந்தது. இத்தனைக்கும் காட்சியில் ஒரு வசனம்கூட மாறவில்லை.