உடைந்த குரலும் முறிந்த ஒப்பந்தமும்: ஸ்டீவி வொண்டர், 1961–1972

பதின்பருவத்தில் புகழ்பெற்ற ஒரு பாடகர் முதிர்ந்த இசைக்கு மாறுவதை வெகுசன இசை வரலாறு பெரும்பாலும் ஓர் உளவியல் கதையாகவே எழுதிவந்துள்ளது. பாடகர் வளர்ந்தார், காதலையும் துயரத்தையும் கண்டார், அவரோடு அவருடைய இசையும் வளர்ந்தது என்பதே அக்கதையின் சுருக்கம். இவ்விளக்கம் பிழையன்று, ஆனால் போதுமானதும் அன்று. சிறுவனின் குரல் யாருடைய கணக்கில் வரவு வைக்கப்பட்டது, ஒலிப்பதிவுக் கூடத்தின் நேரத்தை யார் பங்கிட்டார்கள், தம் பெயரில் தாமே கையெழுத்திடும் உரிமை பாடகருக்கு எந்த வயதில் கிட்டியது ஆகிய கேள்விகளை அது எழுப்புவதில்லை. அமெரிக்கக் கறுப்பின இசைக்கலைஞர் ஸ்டீவி வொண்டரின் முதல் பதினோர் ஆண்டுகள் இக்கேள்விகளைத் தவிர்க்க முடியாதவையாக ஆக்குகின்றன. அவர் ஒரு முறையன்று, மூன்று முறை வயதுக்கு வந்தார்: முதலில் உடலால், அடுத்துத் தொழிலால், இறுதியாகச் சட்டத்தால். அவருடைய இசை முழுமையாக மாறியது மூன்றாவது முறைக்குப் பின்னரே.

1950 மே 13 அன்று மிச்சிகன் மாநிலத்தின் சாகினா நகரில் அவர் குறைமாதக் குழந்தையாகப் பிறந்தார். இன்குபேட்டரில் மிகையாகச் செலுத்தப்பட்ட ஆக்சிஜன் விழித்திரையைப் பாதித்ததால் பார்வையை இழந்தார். சில ஆண்டுகளில் குடும்பம் டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது. 1961இல், 11 வயதில், 'மிராக்கிள்ஸ்' குழுவின் ரோனி ஒயிட் அவரை மோடவுன் நிறுவனத்துக்கு அழைத்துச் சென்றார். அதனை 1959இல் தொடங்கிய பெர்ரி கோர்டி, அதற்கு முன் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தொழிற்சாலையின் வரிசைமுறையையே அவர் இசைக்கும் கொண்டுவந்தார். பாட்டெழுத ஓர் அணி, வாசிக்க 'ஃபங்க் பிரதர்ஸ்' என்னும் நிலையக் குழு, மேடையொழுக்கம் கற்பிக்க ஒரு துறை, எந்தப் பாட்டு வெளிவரலாம் என முடிவு செய்யத் தரக்கட்டுப்பாட்டுக் கூட்டம் என வேலை பகுக்கப்பட்டிருந்தது. பாடகர் அவ்வரிசையில் ஒரு கண்ணி மட்டுமே.

அந்நிறுவனம் சூட்டிய பெயர் 'லிட்டில் ஸ்டீவி வொண்டர்'. வியப்பைக் குறிக்கும் சொல்லோடு 'சின்ன' என்னும் பொருள்படும் அடையும் சேர்ந்ததால், குரலோடு வயதும் விற்பனைப் பண்டமாயிற்று. 1962இல் வெளியான இரு இசைத்தட்டுகளுள் ஒன்று ரே சார்ல்ஸை 'மாமா' என விளித்து, அவர் புகழ்பெறச் செய்த பாடல்களைப் பாடியது. பார்வையற்ற மூத்த கலைஞர் ஒருவரின் நிழலில் பார்வையற்ற சிறுவனை நிறுத்தும் உத்தி அது. வெற்றி 1963இல் வந்தது. சிகாகோவின் ரீகல் அரங்கில் மக்கள் முன்னிலையில் பதிவான 'ஃபிங்கர்டிப்ஸ்' ஆகஸ்டில் பில்போர்டு பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. அது இடம்பெற்ற இசைத்தட்டின் தலைப்பு அவரை '12 வயது மேதை' என அறிவித்தது. தட்டும் பட்டியலின் உச்சியைத் தொட்டபோது அவருக்கு வயது 13. உறையில் அச்சான எண்ணை அவரால் படித்திருக்க முடியாது.

பண்டமாக்கப்பட்ட வயதுக்குக் காலவரை உண்டு. தமிழ் நாடகக் கம்பெனிகளில் 'மகரக்கட்டு' என வழங்கிய குரல்மாற்றம், பாலநடிகர்களின் பிழைப்பையே கேள்விக்குள்ளாக்கியதைத் தமிழ் அரங்க வரலாறு அறியும். டெட்ராய்ட்டிலும் நிலைமை வேறன்று. குரல் உடைந்தது, வெற்றிகள் நின்றன, 1964இல் இரு கடற்கரைக் கேளிக்கைப் படங்களில் தோன்றச் செய்ததும் பயன் தரவில்லை. 'லிட்டில்' என்னும் அடை உதிர்ந்ததேயன்றி அதன் இடத்தை நிரப்ப எதுவும் வரவில்லை. அவரை விடுவித்துவிடலாம் என்ற எண்ணம் நிறுவனத்துக்குள் எழுந்தபோது, அதைத் தடுத்தவர் பாடலாசிரியர் சில்வியா மோய். அவரும் ஹென்றி காஸ்பியும் ஸ்டீவியோடு இணைந்து எழுதிய 'அப்டைட்' 1966இன் தொடக்கத்தில் பில்போர்டு பட்டியலில் மூன்றாம் இடம் பெற்றது. அப்பாடலின் வரிகள் பிரெயில் எழுத்தில் ஆயத்தமாக இல்லை. எனவே மோய் ஒவ்வொரு வரியையும் ஒரு கணம் முன்னதாகக் காதணிபேசி வழியே அவர் செவியில் பாடினார். அதைக் கேட்டுக்கொண்டே ஸ்டீவி பதிவு செய்தார். கனத்துப்போன புதுக்குரலுக்குத் தொழிலில் இடம் கிடைத்தது இவ்வாறுதான்.

அடுத்த ஐந்தாண்டுகள் தொழிற்பயிற்சியின் காலம். லான்சிங்கில் உள்ள மிச்சிகன் பார்வையற்றோர் பள்ளியில் படித்துக்கொண்டே அவர் பாடல்களை உருவாக்கினார். 1970இல் மிராக்கிள்ஸ் குழுவுக்கு முதலிடம் பெற்றுத் தந்த 'த டியர்ஸ் ஆஃப் எ கிளவுன்' பாடலின் இசை அவரும் காஸ்பியும் அமைத்தது. அதே ஆண்டில் 'சைன்ட், சீல்ட், டெலிவர்ட்' பாடலின் தயாரிப்பையும் அவரே ஏற்றார். 1971 ஏப்ரலில் வெளியான 'வேர் ஐ'ம் கமிங் ஃபிரம்' தட்டை முழுவதும் தாமே தயாரித்தார். பாடல்களை மனைவி சிரீட்டா ரைட்டுடன் எழுதினார். போரும் சமூகமும் அதில் பொருளாயின. பெருவெற்றி கிட்டவில்லை என்றாலும் திசை தெளிவாயிற்று. இருப்பினும் சட்டத்தின் பார்வையில் அவர் இன்னும் சிறுவரே. சிறுவயதில் எழுதப்பட்ட ஒப்பந்தங்கள் அவரைக் கட்டியிருந்தன. அவருடைய வருவாய் அறக்கட்டளைக் கணக்கில் இருந்தது.

அன்றைய அமெரிக்கப் பொதுச்சட்டத்தில் ஒப்பந்தத்துக்குரிய வயது 21. வயதுவராதவர் செய்துகொண்ட ஒப்பந்தத்தை உரிய வயது வந்ததும் அவர் மறுதலிக்கலாம். இந்தியாவில் 1903ஆம் ஆண்டின் மொஹோரி பீபி வழக்கிலிருந்து இத்தகைய ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாதது. அமெரிக்க மரபிலோ அது செல்லும், விலக்கும் வாய்ப்பு மட்டும் சிறாரிடம் இருக்கும். 1971 மே 13 அன்று அந்த வாய்ப்பு ஸ்டீவியின் கைக்கு வந்தது. பிறந்தநாள் விருந்து முடிந்தபின் தம்மை வந்தடைந்தது ஒப்பந்தங்களை மறுதலிக்கும் வழக்கறிஞர் கடிதமே என்று கோர்டி 1994இல் வெளியிட்ட தம் சுயசரிதையில் பதிவு செய்துள்ளார். இதில் ஒரு வரலாற்று விசித்திரமும் உண்டு. அதே ஆண்டு ஜூலையில் 26ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வாக்குரிமை வயதை 18 ஆக்கியது. மிச்சிகன் மாநிலம் 1972 ஜனவரி 1 முதல் பொதுவான வயதுவரம்பையே 18ஆகக் குறைத்தது. வளர்ச்சி இயற்கையானது; வளர்ந்துவிட்டதாக ஏற்கப்படும் நாளோ சட்டமன்றம் வரையும் கோடு. அக்கோடு சற்று முன்னரே நகர்ந்திருந்தால் 1968இலேயே அவர் இந்தப் பேரத்துக்கு உட்கார்ந்திருப்பார்.

கட்டுகள் தளர்ந்ததும் நிகழ்ந்தவை ஒலியின் உருமாற்றத்தை நேரடியாக விளக்குகின்றன. அவர் நியூயார்க் சென்றார். 'டோன்டோ' எனப்படும் மாபெரும் மின்னணு ஒலியாக்கியைக் கட்டமைத்த மால்கம் சிசில், ராபர்ட் மார்கூலெஃப் ஆகியோரின் இசைத்தட்டைக் கேட்டு, அவர்களையே தேடிப்போனார். கூடத்தின் நேரத்தை இனித் தம் பணத்தில் அவரே வாங்கினார். மோடவுனில் ஒரு பாடலுக்கு நேரம் ஒதுக்கப்பட்டிருக்கும், நிலையக் குழு காத்திருக்கும். இங்கோ இரவு முழுவதும் ஓர் ஒலியைத் தேடலாம். முரசு, விசைப்பலகை, ஒலியாக்கியில் எழுப்பிய கீழ்த்தாய்வரிசை என ஒவ்வொன்றையும் தாமே வாசித்து அடுக்கினார். 1972 மார்ச்சில் 'மியூசிக் ஆஃப் மை மைண்ட்' வெளிவந்தது. அதிலுள்ள 'சூப்பர்வுமன்' இரு பாடல்களை ஒன்றாகக் கோத்து எட்டு நிமிடங்களைக் கடக்கிறது. மூன்று நிமிட ஒற்றைப் பாடலைச் சார்ந்த வணிகத்தில் அத்தகைய வடிவத்துக்கு எளிதில் இடம் இருந்திராது. வழக்கறிஞர் ஜோஹனன் விகோடா பேசி முடித்த புதிய ஒப்பந்தம் கூடுதல் உரிமத்தொகையையும் படைப்புச் சுதந்திரத்தையும் உறுதி செய்தது. பாடல்களின் வெளியீட்டு உரிமைக்கு 'பிளாக் புல்' என்னும் சொந்த நிறுவனமும் அமைந்தது.

இங்கு இரு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, இதனை நிறுவனத்துக்கும் மேதைக்கும் இடையிலான போர் என எளிமைப்படுத்தலாகாது. அவருக்கு இசையமைப்பின் இலக்கணம் பிடிபட்டது மோடவுனின் கூடங்களில்தான். புதிய ஒப்பந்தத்தையும் அவர் அதே நிறுவனத்தோடுதான் செய்துகொண்டார். மாறியவை பேசுவோரின் நிலையும் பேச்சின் நிபந்தனைகளும். இரண்டாவது, தனியாளாக அனைத்தையும் இசைத்தார் என்னும் புகழுரை பாதி உண்மையே. வடங்களை மாற்றிச் செருகி, ஒலிகளை உருவாக்கி, இரவெல்லாம் உடனிருந்த சிசிலும் மார்கூலெஃபும் இல்லாமல் அந்த ஒலி இல்லை. சில ஆண்டுகளில் அவர்கள் பிரிந்தனர். விடுதலை பெற்ற கலைஞரின் பெயருக்குக் கீழும் பிறர் உழைப்பு மறையக்கூடும் என்பதை வரலாற்றாசிரியர் மறக்கலாகாது.

1972 அக்டோபரில் 'டாக்கிங் புக்' வெளியானது. அதன் 'சூப்பர்ஸ்டிஷன்', 'யூ ஆர் த சன்ஷைன் ஆஃப் மை லைஃப்' ஆகிய இரண்டும் முதலிடம் பெற்றன. 1974, 1975, 1977 ஆண்டுகளில் ஆண்டின் சிறந்த இசைத்தட்டுக்கான கிராமி விருதும் அடுத்தடுத்த படைப்புகளுக்கு வந்தது. எனினும் இம்மாற்றத்தை ஆராய்வோர் விருதுப் பட்டியலுக்கு முன் 'டாக்கிங் புக்' தட்டின் உறையைப் பார்க்கவேண்டும். கருப்புக் கண்ணாடி இல்லாத முகம். உறையின் மேல் பிரெயில் புள்ளிகளில் ஒரு செய்தி. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவர் வயதைத் தவறாகச் சொன்ன உறை, அவர் படிக்க இயலாத எழுத்தில் இருந்தது. 1972இல் பார்வையுள்ள வாசகர்களுள் பெரும்பாலோர் படிக்க இயலாத எழுத்தில் அவர் தம் சொற்களைப் பதித்தார். அவருக்கு அப்போது வயது 22. ஒப்பந்தம் அவருடையது, உறையும் அவருடையது.