பால் ஏன் திரியாமல் இருக்கிறது?

பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரியும், எல்லாருக்கும் தெரியும். ஆனா, சும்மா இருக்கிற பால் ஏன் திரியாம இருக்கு? அதுதான் பெரிய கேள்வி.

பசும்பால் புரதத்தில் சுமார் 80 சதவீதம் கேசீன். அதில் பெரும்பகுதி, கால்சியம் பட்டால் கட்டியாகிப் படிந்துவிடும். பாலில் கால்சியம் தாராளமா இருக்கு. படியலையே!

19ஆம் நூற்றாண்டில் ஸ்வீடனின் ஹாமர்ஸ்டன், கேசீன் ஒரே புரதம் என்றே நம்பினார். 1929இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் (ஆமாங்க, பீர் கம்பெனிக்காரர் தொடங்கியதுதான்) லிண்டர்ஸ்ட்ரோம்-லாங் வேறு மாதிரி யோசித்தார். கேசீன் ஒரு கலவை. அதில் கால்சியத்துக்கு மசியாத ஒரு பகுதி மற்றவற்றைக் காக்கிறது. சீஸ் செய்யக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட், அந்தக் காவலாளியைத்தான் அழிக்கிறது.

ஆளைப் பிடிக்க 27 வருஷம் ஆச்சு. 1956இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த டேவிட் வாஹ், பீட்டர் வான் ஹிப்பெல் இருவரும் அதைக் கண்டுபிடித்து, கப்பா-கேசீன் என்று பெயரிட்டார்கள்.

இன்றைய விளக்கம் இது: ஆயிரக்கணக்கான கேசீன் மூலக்கூறுகள், கால்சியம் பாஸ்பேட்டோடு தானாகவே கூடி நுண்ணிய உருண்டையாகின்றன. மேலே கப்பா-கேசீனின் வால்கள் முடி மாதிரி நீட்டிக்கிட்டு, உருண்டைகளை ஒட்டவிடாமல் தடுக்கின்றன. ரென்னெட் அந்த முடியை மழிக்கிறது. 105, 106ஆம் அமினோ அமிலங்களுக்கு நடுவே ஒரே ஒரு வெட்டு, அவ்வளவுதான். எலுமிச்சை வெட்டாது, அதன் அமிலம் மின்னூட்டத்தைக் குறைத்து முடியைச் சரிய வைக்கும்.

யோசிச்சுப் பாருங்க. பால் மடியில் உறையவே கூடாது. கன்றின் வயிற்றில் உறைந்தாகணும். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பது அந்த முடிதான்.