எஞ்சின் மூடியும் மூச்சுக் குழாய்களும்

மோட்டார் வாகன எஞ்சினின் உச்சியில் பொருத்தப்பட்டுள்ள மூடியை எங்கள் நாட்டுக் கராஜ்களில் 'டெப்பெட் கவர்' என்றே அழைப்பர். உற்பத்தியாளரின் கையேடுகள் அதனை வால்வு மூடி என்கின்றன. டெப்பெட் எனும் உறுப்பு எஞ்சினின் பக்கவாட்டில் இருந்த காலத்துப் பெயர், எஞ்சினின் அமைப்பு மாறிய பின்னரும் தொழிலாளர் நாவில் நிலைத்திருக்கிறது. பெயர் பழையது; பொருளோ முற்றிலும் புதியதாகிவிட்டது. இன்றைய டர்போ எஞ்சின் ஒன்றில் இந்த மூடியையும் அதனோடு இணைந்த குழாய்களையும் கழற்றி மாற்றுவது, கைதேர்ந்த தொழிலாளி ஒருவருக்கு அரை நாள் வேலை.

இதற்கெல்லாம் ஒரு வரலாறு உண்டா என்று வாசகர்கள் வினவக்கூடும். உண்டு. ஒரு மாநகரின் நச்சுப்புகை, பெரு நிறுவனங்களுக்கு எதிரான ஒரு வழக்கு, எங்கள் தீவின் போர்க்காலம், டொலர் பற்றாக்குறை ஆகிய யாவும் அந்த வரலாற்றில் அடங்கும். எனவேதான் அதனை இங்கு எழுத விழைகிறேன்.

கசியும் காற்று

பிஸ்டனைச் சுற்றி வளையங்கள் இருப்பினும், சிலிண்டரில் எரியும் வாயு முழுவதையும் அவற்றால் தடுத்துவிட இயலாது. ஒவ்வொரு வெடிப்பின்போதும் சிறிதளவு வாயு வளையங்களைத் தாண்டிக் கீழே கிராங்க் கேஸினுள் இறங்குகிறது. அதில் எரியாத பெற்றோல் ஆவி, நீராவி, அமிலத்தன்மையுள்ள பொருட்கள் என்பன கலந்திருக்கும். அது வெளியேற வழியில்லையெனில் உள்ளே அழுத்தம் மிகுந்து, ஒயில் சீல்களைத் தள்ளிக்கொண்டு ஒயில் வழியத் தொடங்கும். உள்ளேயே தங்கினால் ஒயில் கெட்டுச் சேறாகும். ஆகவே எஞ்சினுக்கும் மூச்சு விட ஒரு வழி வேண்டும்.

ஆரம்ப காலத்து எஞ்சின்களில் அந்த வழி மிக எளிமையானது. கிராங்க் கேஸிலிருந்து ஒரு குழாய் கீழ்நோக்கி நீண்டிருக்கும். வாகனம் ஓடும்போது அடியில் வீசும் காற்று, குழாயிலுள்ள ஆவியை இழுத்துத் தெருவில் விட்டுவிடும். பழைய வாகனங்கள் நின்ற இடங்களில் எல்லாம் தரையில் ஒயில் பொட்டுகள் காணப்பட்டதற்கு இக்குழாயும் ஒரு காரணமாகும்.

இலங்கையின் வீதிகளில் நெடுங்காலம் ஓடிய மொறிஸ் மைனரை இதற்கு உதாரணமாகக் கூறலாம். 1952 முதல் அதில் பொருத்தப்பட்ட 'ஏ சீரிஸ்' எஞ்சினின் மூடி, அழுத்தி வார்க்கப்பட்ட வெறும் இரும்புத் தகடு. இரண்டே நட்டுகளைக் கழற்றினால் மூடி கையோடு வந்துவிடும். அதன் கீழே தக்கையாலான கஸ்கட். மூடியிலிருந்து காற்று வடிகட்டிக்கு ஒரு சிறு குழாய். பக்கவாட்டிலிருந்து தரையை நோக்கி இன்னொரு குழாய். அவ்வளவே.

1990 இல் போர் மீண்டும் மூண்டதன் பின்னர், பெற்றோல் தடை செய்யப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில் இந்த எளிமையே மக்களைக் காப்பாற்றியது எனலாம். ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. சிறு போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்குவர். சூடேறிய பின் அது மண்ணெண்ணெயில் ஓடும். அக்காலச் செய்திகளைத் தொகுத்த பத்திரிகையாளர் எவருக்கும் அந்தப் புகையும் நெடியும் மறவா. மண்ணெண்ணெய் முழுமையாக எரிவதில்லை. எரியாத பகுதி வளையங்களைத் தாண்டி இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். எனினும் அந்த எஞ்சின்கள் தாக்குப் பிடித்தன. மூடியைத் திறந்து, துடைத்து, தேவைப்படின் தடித்த காகிதத்திலேயே ஒரு கஸ்கட்டை வெட்டிப் போட்டுத் திரும்பவும் பூட்டக்கூடியவையாக அவை இருந்தமையே காரணம்.

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் புகை

தெருவை நோக்கித் திறந்திருந்த அந்தக் குழாய் மூடப்பட்ட கதை அமெரிக்காவில் நிகழ்ந்தது. 1943 ஆம் ஆண்டின் கோடையில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கண்ணெரியும் புகைமூட்டம் சூழ்ந்தது. போர்க்காலமாதலால் எதிரியின் நச்சுவாயுத் தாக்குதலோ என மக்கள் அஞ்சினர். கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் அன்னாசிப் பழத்தின் வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த ஒல்லாந்தரான ஏரி ஹாகன் சிமித், 1950களின் தொடக்கத்தில் அதன் உண்மையை வெளிப்படுத்தினார். வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் வெளியிடும் ஐதரோகாபன்கள், நைதரசன் ஒட்சைட்டுகளுடன் சேர்ந்து, சூரிய ஒளியில் ஓசோனாக மாறுகின்றன என்பதே அவர் கண்டது.

அந்த மாவட்ட நிர்வாக சபையின் உறுப்பினர் கென்னத் ஹான் 1953 முதல் கார் நிறுவனங்களின் தலைவர்களுக்குக் கடிதம் எழுதலானார். வாகனப் புகை காற்றில் விரைவில் கலைந்துவிடும், அதனால் மாசுப் பிரச்சினை எழாது என்பதே போர்ட் நிறுவனத்திலிருந்து அவருக்குக் கிடைத்த முதற் பதிலின் சாரம். அவர் தொடர்ந்தும் எழுதினார். அக்கடிதங்கள் இன்று ஒரு வரலாற்று ஆவணமாக மதிக்கப்படுகின்றன.

அக்காலக் கார் ஒன்று வெளியிட்ட ஐதரோகாபன்களில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு, எக்ஸோஸ்ற் குழாய் வழியாக அன்றி, கிராங்க் கேஸின் குழாய் வழியாகவே வெளியேறியது. அதைத் தடுக்கும் உபாயமும் புதியதன்று. நீர்நிலைகளைக் கடக்கும் இராணுவ வாகனங்களின் எஞ்சினுக்குள் நீர் புகாதிருக்க, இரண்டாம் உலகப் போரின்போதே கிராங்க் கேஸை மூடி, அதன் ஆவியை எஞ்சினின் உள்ளிழுப்புக் குழாய்க்கே திருப்பிவிட்டிருந்தனர். ஒரு சிறு வால்வும் ஒரு முழக் குழாயும் போதும். அந்த ஆவி மீண்டும் சிலிண்டருக்குள் சென்று எரிந்துவிடும். இதுவே இன்று பி.சி.வி. வால்வு எனப்படுவது. ஆயினும் 1961 ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில்தான் அது கலிபோர்னியாவில் பொருத்தப்பட்டது. 1963 ஆம் ஆண்டு மாதிரிகளிலேயே அமெரிக்கா முழுவதற்கும் பரவியது.

தெரிந்த தொழில்நுட்பத்துக்கு இத்தனை ஆண்டுகள் ஏன் தேவைப்பட்டன? 1969 ஜனவரியில் அமெரிக்க நீதித் திணைக்களம் நான்கு பெரும் கார் நிறுவனங்கள் மீதும் அவற்றின் சங்கத்தின் மீதும் வழக்குத் தொடுத்தது. மாசுக் கட்டுப்பாட்டுச் சாதனங்களைத் தாமதப்படுத்துவதற்காக அவை கூட்டுச் சேர்ந்தன என்பதே குற்றச்சாட்டு. நிறுவனங்கள் குற்றத்தை ஏற்கவில்லை. இனி அவ்வாறு கூட்டுச் சேர்வதில்லை எனும் உடன்பாட்டுத் தீர்ப்புடன் அவ்வாண்டே வழக்கு முடிவுற்றது. எஞ்சின் மூடியிலிருந்து புறப்படும் அந்தக் கறுப்புக் குழாயைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வழக்கு நினைவுக்கு வரும். ஒரு முழம் இறப்பர் குழாய்க்காக ஒரு நகரம் பல ஆண்டுகள் கண்ணெரிந்து காத்திருந்தது.

டர்போவின் வருகை

எஞ்சினிலிருந்து வீணாக வெளியேறும் புகையின் விசையால் ஒரு சுழலியைச் சுழற்றி, அதன் துணைகொண்டு காற்றை அழுத்திச் சிலிண்டருக்குள் செலுத்தலாம் என்ற எண்ணத்துக்கு 1905 இல் காப்புரிமை பெற்றவர் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூகி. 1918 இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சான்போர்ட் மொஸ், காற்று மெலிந்த உயரத்தில் இதன் பயனை நிறுவுவதற்காக, விமான எஞ்சின் ஒன்றைக் கொலராடோவிலுள்ள ஏறத்தாழ 14,000 அடி உயரமான பைக்ஸ் சிகரத்துக்கு ஏற்றிச் சென்று பரிசோதித்தார். கப்பல்களும் விமானங்களும் முதலில் இதனைப் பயன்படுத்தின. 1962 இல் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்பயர், செவ்ரோலெட் கோர்வெயர் ஆகிய கார்கள் டர்போவுடன் விற்பனைக்கு வந்தன. 1970களின் பிற்பகுதியில் சுவீடனின் சாப் நிறுவனம் தனது 99 மாதிரியின் மூலம், அன்றாடப் பாவனைக்குரிய காரிலும் டர்போ நிலைக்கும் என்று காட்டியது.

டர்போ வந்ததும் மூச்சுக் குழாயின் கணக்கு மாறிவிட்டது. சாதாரண எஞ்சினின் உள்ளிழுப்புக் குழாயில் எப்போதும் வெற்றிடமே நிலவும். அது கிராங்க் கேஸின் ஆவியை உறிஞ்சிக்கொள்ளும். டர்போ எஞ்சினிலோ, வாகனம் ஆறுதலாக நிற்கும்போது வெற்றிடம். விசையை மிதித்ததும் அதே இடத்தில் அழுத்தம். அந்த அழுத்தம் பின்னோக்கிச் சென்று கிராங்க் கேஸை ஊதிவிடாதிருக்க ஒருவழி வால்வு வேண்டும். அந்நேரத்தில் ஆவி வெளியேற, டர்போவின் வாய்க்கு இன்னொரு குழாயும் வேண்டும். ஆகவே ஒரு குழாய் இருந்த இடத்தில் இரண்டு, மூன்று குழாய்கள் தோன்றின.

இவற்றையெல்லாம் எங்கே வைப்பது? பொறியியலாளர்கள் மூடிக்குள்ளேயே வைத்தனர். இரும்புத் தகடாக இருந்த மூடி, கண்ணாடி இழை கலந்த நைலோன் வார்ப்பாகியது. ஆவியிலிருந்து ஒயிலைப் பிரிக்கும் அறைகள், அழுத்தத்தைச் சீராக்கும் வட்டமான இறப்பர்ச் சவ்வு என்பன அதனுள் அடங்கின. எடையும் உற்பத்திச் செலவும் குறைந்தன. ஆனால் பெரிய நாணயமளவிலான அந்தச் சவ்வு கிழிந்தால், மூடி முழுவதையுமே மாற்றும்படி உற்பத்தியாளர் கூறும் நிலை உண்டாயிற்று.

செவ்ரோலெட் குரூஸ் காரின் 1.4 லீற்றர் டர்போ எஞ்சின் இதற்கு உலகறிந்த உதாரணம். சவ்வு கிழிந்ததும் மூடியிலுள்ள சிறு துவாரத்தினூடாகக் காற்று சீறும், எஞ்சின் தடுமாறும், எச்சரிக்கை விளக்கு எரியும். ஆனால் நோயின் மூலம் பல வேளைகளில் வேறோரிடத்தில் இருக்கும். உள்ளிழுப்புக் குழாய்த் தொகுதியினுள் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சிறிய இறப்பர் வால்வு உண்டு. அது கழன்று மறைந்துவிட்டால், டர்போவின் அழுத்தம் தடையின்றிப் பின்னோக்கிப் பாயும். அதைக் கவனியாது மூடியை மட்டும் மாற்றினால், புதிய மூடியும் பழையதன் வழியே போகும்.

கழற்றும் முறை

இவ்வேலையைக் கொழும்பில் ஒரு கராஜில் நின்று முழுமையாகப் பார்த்தேன். முதலில் எஞ்சினை நன்கு ஆறவிட்டார்கள். குழாய் ஒவ்வொன்றிலும் துண்டு நாடா ஒட்டி இலக்கமிட்டார்கள். வெப்பத்தில் ஆண்டுக்கணக்காக வெந்த பிளாஸ்டிக் முனைகள் பிஸ்கட்டைப் போல நொறுங்கும் என்பதால், திருகாணிச் சாவியால் நெம்பாமல், பூட்டு வளையத்தை விரலால் அழுத்தி மெல்ல அசைத்தே குழாய்களை விடுவித்தார்கள். பின்னர் பிளக்குகளின் மேலுள்ள கொயில் வெளியே வந்தது. மூடியின் போல்ட்டுகளை வெளிப்புறத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்தினார்கள். பூட்டும்போது அதற்கு நேர்மாறு: நடுவிலிருந்து வெளியே. இறுக்கும் விசை பத்து நியூட்டன் மீற்றருக்குக் கிட்டவோ குறைவாகவோதான். கை பலத்தைக் காட்டினால் நைலோன் வெடிக்கும். டைமிங் மூடியும் எஞ்சின் தலையும் சந்திக்கும் மூலைகளில் மட்டும் துளி சீலன்ற். மற்ற இடங்களில் புதிய கஸ்கட்டே போதும்.

வேலை செய்த தொழிலாளி வடபுலத்தைச் சேர்ந்தவர். "ஐயா, மூடியை மாத்துறது சுகமான வேலை. அது ஏன் போனது எண்டு பாக்காமல் மாத்தினால், ஆறு மாசத்திலை திரும்பி வருவியள்" என்றார். தொழில் தெரிந்தவரின் வார்த்தை அது.

எங்கள் நாட்டின் கணக்கு

இலங்கையில் கார்களுக்கான வரி எஞ்சினின் கொள்ளளவை ஒட்டி உயர்வது. ஆகவே 1,000 கன சென்ரிமீற்றர் எஞ்சினுடன் டர்போ பொருத்திய கார்கள் இங்கு விரும்பி வாங்கப்பட்டன. ஒரு லீற்றர் ஹொண்டா சிவிக் அவற்றுள் பலரும் அறிந்தது. வரிக்குச் சிறிய எஞ்சின், வீதியில் பெரிய எஞ்சினின் வலு. ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் எரிபொருளுக்கே டொலர் இல்லாத நிலை வந்தது. தனியார் வாகனங்களின் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள், இருந்த வாகனங்களைக் கொண்டே நாடு ஓடியது. பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் ஒரு பிளாஸ்டிக் மூடிக்காக அலைந்தவர்கள், எளிமையாகத் திறந்து பூட்டும் மூடியின் அருமையை அந்நாட்களில் உணர்ந்திருப்பர்.

இங்கு இரண்டு விடயங்களைக் கூற விரும்புகிறேன். முதலாவது, மூடி கிடைக்கவில்லை என்பதற்காகச் சிலர் குழாய்களைக் கழற்றி, ஆவியை ஒரு தகரப் புட்டிக்குள்ளோ நேரே வெளியிலோ விட்டுவிடுகின்றனர். எஞ்சின் ஓடும், எச்சரிக்கை விளக்கையும் எவ்வாறோ அணைத்துவிடலாம். ஆனால் அது 1943 இன் லொஸ் ஏஞ்சல்ஸை எங்கள் காலி வீதிக்குக் கொண்டுவருவதாகும். அந்த ஆவியை முதலில் சுவாசிப்பவர், அதே கராஜில் குனிந்து நிற்கும் பையன்.

இரண்டாவது, சவ்வு கிழிந்தால் சவ்வை மட்டும் மாற்றும் வசதி இருக்கவேண்டும். வெளிச் சந்தையில் சில எஞ்சின்களுக்குத் தனிச் சவ்வுகள் விற்கப்படுகின்றன. ஆகவே அது இயலாததன்று. தாம் விற்கும் வாகனங்களின் இத்தகைய சிறு பாகங்களைத் தனித்தனியாகப் பல ஆண்டுகளுக்கு வழங்க வேண்டும் என்று இறக்குமதியாளர்களுக்கு நிபந்தனை விதிக்க அரசாங்கத்தால் முடியும். அன்னியச் செலாவணி அருகிய நாடொன்றுக்கு இது சிறிய விடயமன்று.

மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய சமூகத்துக்குப் பழுதுபார்க்கும் அறிவு குறைவில்லை. பழுதுபார்க்க இடங்கொடுக்கும் பொருளைக் கேட்டு வாங்கும் துணிவே இப்போது தேவை. 1953 இல் ஒரு மாவட்ட சபை உறுப்பினரின் கடிதங்கள் தொடக்கத்தில் எவரையும் அசைக்கவில்லை. ஆயினும் எட்டு ஆண்டுகளில் அந்தக் குழாய் எஞ்சினுக்குள் திரும்பியது. எழுதுபவர்களும் கேட்பவர்களும் சோர்ந்துவிடக் கூடாது.